வெளிச்சத்துக்கு ஏற்ற உரம்: வீட்டுக்குள் மண்ணில்லாக் கீரை



இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், மண்ணே இல்லாமல் வீட்டுக்குள் கீரை வளர்ப்பது. தண்ணீரில் உரத்தைக் கரைத்து, அதில் வேரை விட்டு, ஜன்னல் வெளிச்சத்திலோ விளக்கு வெளிச்சத்திலோ செடியை வளர்க்கும் முறை இது. கடைகளில் இதற்கான பெட்டியும் உரமும் விளக்கும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்கியவர்களில் பலர், இரண்டு வாரத்தில் செடி வெளுத்து, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று வருந்துகிறார்கள். சத்துப் போதவில்லை போலும் என்று இன்னும் கொஞ்சம் உரம் ஊற்றுகிறார்கள். செடி அடுத்த வாரம் கருகிவிடுகிறது. பெட்டி அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. போட்ட பணமும் போய்விடுகிறது. இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை இன்று பார்ப்போம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் கீரை நமக்கு விலை கொடுத்து வாங்கும் பொருளாக இருந்ததில்லை. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி, வேலியோரம் முருங்கை, தண்ணீர்க் குழாயடியில் வாழை என்று இருந்தது. பிறகு தோட்டங்கள் பல கைமாறின. 1990களில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தபோது, அங்கே வாழ்ந்த நம்மவர்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள். பந்திங், கோல லங்காட் வட்டாரத்திலும் லயத்தைவிட்டு அடுக்குமாடிக்கும் வரிசை வீட்டுக்கும் வந்த குடும்பங்கள் ஏராளம். வந்த வீட்டில் கூரை உண்டு, குழாய் உண்டு, மின்சாரம் உண்டு. பாத்தி போட மண் மட்டும் இல்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யத்தான் இந்த முறை.

இதை ஏதோ பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கெரிக்கே என்ற அறிஞர் 1930களில் தண்ணீரிலேயே தக்காளி வளர்த்துக் காட்டினார். 1937-ஆம் ஆண்டில் இதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. நீர், உழைப்பு என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அந்தப் பெயர். அடுத்த பத்தாண்டில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த டார்ஜிலிங் மலைப்பகுதியில், கலிம்போங் என்ற ஊரில் இதைச் சோதித்தார். பம்பு இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை. தொட்டியில் கல்லும் மணலும் நிரப்பி, உப்புகளை அளந்து தூவித் தண்ணீர் விட்டார். எளிய மக்களும் செய்யக்கூடிய இந்த முறைக்கு வங்காள முறை என்றே பெயர் வந்தது. ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு இது எட்டாத கனி இல்லை. அளவு அறிந்து செய்தால் போதும்.

முதலில் உரத்தைப் பார்ப்போம்.

காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் செடி எடுத்துக்கொள்வது போக, 14 சத்துகள் வேர் வழியாகப் போக வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு, மெக்னீசியம், கந்தகம் ஆகிய ஆறும் அதிகமாக வேண்டும். இரும்பு, போரான், செம்பு, துத்தநாகம் போன்றவை துளியளவு வேண்டும். இந்தப் பெயர்கள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்குப் புதியவை அல்ல. மட்டை ஆரஞ்சு நிறமாக வெளுத்தால் மரத்தைச் சுற்றிக் கீசரைட் போடுகிறோம். அது மெக்னீசியக் குறைவுக்கு மருந்து. குருத்தோலை நுனி கொக்கிபோல மடங்கினால் போரேட் போடுகிறோம். அது போரான் குறைவுக்கு. கரிமண் நிலத்துச் செம்பனைக்குச் செம்பும் துத்தநாகமும் குறைந்துபோகும் என்பதையும் அறிவோம். அதே பசிதான், அதே அடையாளங்கள்தான், சிறிய கீரைச் செடியிலும் தெரிகின்றன. இந்த அனுபவம் நமக்கு ஒரு மூலதனம்.

ஆனால் தோட்டத்து உரமூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுவது பயன் தராது. பாறைப் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது. யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுத்த பிறகுதான் செடி நன்றாக எடுத்துக்கொள்ளும். நம் பெட்டியில் மண் இல்லை. எனவே இதற்கென்றே விற்கும் ஏ, பி என்ற இரட்டை உரத்தையே வாங்க வேண்டும்.

ஏன் இரண்டு புட்டிகள்? சுண்ணாம்புச் சத்து ஒன்றில் இருக்கிறது. கந்தகமும் மணிச்சத்தும் மற்றொன்றில் இருக்கின்றன. இரண்டையும் கெட்டியாக ஒன்றுசேர்த்தால் வெள்ளை மாவுபோல அடியில் படிந்துவிடும். படிந்ததைச் செடி உண்ண முடியாது. ஆகவே பெட்டியில் முதலில் தண்ணீரை நிரப்ப வேண்டும். பிறகு ஏ உரத்தை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகே பி உரத்தை ஊற்ற வேண்டும். ஒரே கரண்டியை இரண்டு புட்டிகளிலும் விடக்கூடாது.

எவ்வளவு ஊற்றுவது? புட்டியின் மேலேயே அளவு போட்டிருப்பார்கள். ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஏ 5 மில்லி, பி 5 மில்லி என்பது பொதுவாகக் காணும் அளவு. இது நல்ல வெயிலில் நிற்கும் வளர்ந்த செடிக்கு உரியது. முளைத்து இரண்டு இலை விட்ட கன்றுக்கு இதில் பாதி போதும்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்ட இ.சி. மானி என்ற சிறு கருவி இருக்கிறது. நாற்றுக்கு 0.8 முதல் 1.0 வரை, சாவி, கங்கோங் போன்ற கீரைகளுக்கு 1.5 முதல் 2.0 வரை, சாலட் கீரைக்கு 1.0 முதல் 1.6 வரை, மிளகாய்க்கும் தக்காளிக்கும் 2.0 முதல் 2.5 வரை இருக்கலாம். சில மானிகள் இதையே பி.பி.எம். என்ற கணக்கில் காட்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. சில கருவிகள் இ.சி. 1.0 என்பதை 500 என்று காட்டும், சில 700 என்று காட்டும். அடுத்த வீட்டுக்காரர் சொன்ன எண்ணை அப்படியே பின்பற்றினால் அளவு தவறிவிடும். இ.சி. எண்ணையே பேசுவது நல்லது.

இன்னோர் அளவும் உண்டு. தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். என்ற எண் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால், இரும்புச் சத்து பெட்டியில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. சோறு இருக்கிறது, பானையின் மூடி திறக்கவில்லை என்பது போல. குளிர் இடத்தில் வைக்கும் மலிவான சோதனைத் துளி மருந்தே இதைப் பார்க்கப் போதும். உரம் கலந்த பிறகுதான் சோதிக்க வேண்டும், ஏனென்றால் உரமே அந்த எண்ணைக் கொஞ்சம் இறக்கிவிடும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

நம் கண் வெளிச்ச விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும். இருட்டானாலும் வெயிலானாலும் கண்மணி விரிந்தும் சுருங்கியும் சமாளித்துக்கொள்வதால், அறை நன்றாக வெளிச்சமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். செடிக்கு அப்படிச் சமாளிக்கத் தெரியாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் கணக்கிடுவார்கள். உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட நம் வரவேற்பறை 150 முதல் 300 லக்ஸ்தான். கீரைச் செடிக்குத் தலைக்கு மேல் 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை பல மணி நேரம் வேண்டும். வரவேற்பறை மேசையில் வைத்த கீரை, நம் கண்ணுக்கு வெளிச்சத்தில் இருக்கிறது, உண்மையில் பட்டினி கிடக்கிறது. கைத்தொலைபேசியில் லக்ஸ் பார்க்கும் செயலி இருக்கிறது. துல்லியமாக இராவிட்டாலும், இருட்டு எது வெளிச்சம் எது என்று பிரித்தறிய அது உதவும். வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேட்டால் காட்டிவிடுவார்கள்.

ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன், வீட்டில் வெயில் எங்கே விழுகிறது என்று ஒருநாள் பாருங்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஜன்னலிலோ நடைவழியின் கம்பி ஓரத்திலோ காலை வெயில் 4 மணி நேரம் நேரடியாக விழுந்தால் கீரைக்கு விளக்கே வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே விழுந்தால், மாலையில் 4 மணி நேரம் விளக்கு எரித்து ஈடுகட்டலாம். வெயிலே விழாத அறையில் 14 மணி நேரம் விளக்கு வேண்டும். எப்படியானாலும் இரவில் 8 மணி நேரமாவது செடியை இருட்டில் விட்டுவிடுங்கள்.

விளக்குக்கு வெள்ளை எல்.இ.டி. போதும். ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்குதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை வெளிச்சத்துக்குள் செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. விளக்கைச் செடியின் தலைக்கு மேல் 20 முதல் 30 செண்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கூரையில் மாட்டினால் வெளிச்சம் சுவருக்கும் தரைக்கும் போய்விடும். 60 செண்டிமீட்டர் நீளமும் 40 செண்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பெட்டிக்கு 40 வாட் விளக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

செலவையும் கணக்கிடுவோம். 40 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 0.56 யூனிட், மாதத்துக்கு ஏறத்தாழ 17 யூனிட். 4 மணி நேரம் மட்டும் எரிந்தால் மாதத்துக்கு 5 யூனிட்கூட ஆகாது. உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். வெயிலுக்கு ரசீது வருவதில்லை. எனவே முதலில் ஜன்னல், குறைக்கு மட்டும் விளக்கு.

இப்போது இன்றைய பேச்சின் உயிர்ப் பகுதிக்கு வருகிறோம். உரமும் வெளிச்சமும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று நடக்கும் வேகத்துக்குத்தான் மற்றொன்றையும் நடத்த வேண்டும். செடி உணவு சமைப்பது வெளிச்சத்தால். வெளிச்சம் குறைந்தால் சமையல் குறையும், வளர்ச்சி குறையும், உரத் தேவையும் குறையும். மங்கலான இடத்தில் நிற்கும் செடிக்கு உரத்தைக் கூட்டினால், உண்ண முடியாத உப்பு வேரைச் சுற்றிச் சேர்ந்து வேரையே கருக்கிவிடும்.

இதில் நம் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. வெளிச்சம் போதாமல், தழைச்சத்து மட்டும் அதிகமாகக் கிடைத்த கீரையில் நைட்ரேட் என்ற பொருள் கூடுதலாகச் சேரும். பெரியவர்களுக்கு இது பொதுவாகக் கவலையில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு ஆகாது. ஆகவே கீரையை மாலையில் பறியுங்கள், பகல் வெளிச்சத்தில் நைட்ரேட் குறைந்திருக்கும். பறிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு உரநீரை மாற்றி வெறும் தண்ணீர் விடுவதும் நல்லது. சமைத்த கீரையை வெளியே மீதம் வைத்திருந்து மறுநாள் குழந்தைக்கு ஊட்ட வேண்டாம்.

உரத்தை ஏற்றுவதா இறக்குவதா என்பதைத் தண்ணீரே நமக்குச் சொல்லும். மூன்று நாளைக்கு ஒருமுறை இ.சி. மானியை விட்டுப் பாருங்கள். எண் ஏறியிருந்தால், செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிட்டது என்று பொருள். வெறும் தண்ணீர் சேர்க்க வேண்டும். எண் இறங்கியிருந்தால் செடி பசியோடு இருக்கிறது, உரம் கொஞ்சம் சேர்க்கலாம். எண் அசையாமல் நீர்மட்டம் மட்டும் குறைந்திருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது, அதே அளவு உரநீரைச் சேர்க்கலாம். 2015-ஆம் ஆண்டில் வந்ததுபோன்ற புகைமூட்டக் காலத்தில் பந்திங்கில் பகலே மங்கிப்போகிறது. அப்போது உரத்தைக் கால் பங்கு குறைத்துவிட வேண்டும்.

இலையும் பேசும். தண்டு நீண்டு, மெலிந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்தால் கேட்பது வெளிச்சம். அதற்கு உரம் மருந்தாகாது. அடியிலுள்ள பழைய இலை முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். இளங்குருத்தில் அப்படி இருந்தால் இரும்பு, அப்போது பி.எச். எண்ணை முதலில் பாருங்கள். குறை ஏன் சிலசமயம் பழைய இலையிலும் சிலசமயம் குருத்திலும் தெரிகிறது? வீட்டில் அரிசி குறைந்தால் தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பாள் அல்லவா? தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவற்றைப் பழைய இலை அப்படிக் குருத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் வாடும். இரும்பையும் சுண்ணாம்பையும் போரானையும் கொடுக்க அதனால் முடியாது, அதனால் குருத்தே வாடும். சாலட் கீரையின் இளம் இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் சுண்ணாம்பு நுனிவரை போய்ச் சேரவில்லை. உரத்தைக் கூட்டாமல், சற்று நீர்க்கச் செய்து, காற்றாடியை மெதுவாக ஓடவிடுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். வெளிச்சத்தை மாற்றினால் ஐந்து நாள் பொறுத்து, பிறகு உரத்தைத் தொடுங்கள். பெரட்டில் செக்ரோல் வைத்துப் பெயர் பதிவதுபோல, ஒரு பழைய நோட்டில் தேதி, இ.சி., ஊற்றிய அளவு, விளக்கு எரிந்த மணி ஆகியவற்றைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டு ஜன்னலுக்கு எந்த அளவு பொருந்தும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

நம் ஊரின் வெப்பத்தையும் மறக்கக்கூடாது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லீட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் உயிர்வாயு தங்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். மூச்சில்லாத வேர் அழுகும். மீன் சந்தையில் கிடைக்கும் வெள்ளைப் பொலிஸ்தரின் பெட்டி வெப்பத்தைத் தடுக்கும், நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். வேரின் மேல்பகுதிக்கும் காற்று வேண்டும். செடி சற்று வளர்ந்த பிறகு பெட்டியை விளிம்புவரை நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு இடம் விடுங்கள். தொடக்கத்தில் கங்கோங், தண்டுக்கீரை, சாவி ஆகியவற்றை வளர்ப்பதே நல்லது. இவை சூட்டைத் தாங்கும், ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். சாலட் கீரை குளிர்ச்சியை விரும்புவது. கை பழகிய பிறகு அதைத் தொடலாம்.

முடிப்பதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, கொசு. தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். சிலாங்கூரில் டிங்கிக் காய்ச்சல் எவ்வளவு பரவுகிறது என்பதை அறிவோம். பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஓட்டைகளில் பஞ்சு அடைத்திருக்க வேண்டும், செடியில்லாத ஓட்டையை நாடாவால் மூட வேண்டும். கொசுப் புழு கண்டால் அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. அபராதத்தைவிடப் பெரியது பிள்ளையின் உயிர்.

இரண்டு, நஞ்சு. மருந்து அடித்த பீப்பாயையோ தோம்பையோ எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய தோம்புகள் இன்னும் கொட்டகைகளில் கிடக்கலாம். அவற்றில் உணவு வளர்ப்பது ஆபத்து. உரப் புட்டிகளையும் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்று, மின்சாரம். விளக்கின் வயர் சுவிட்சுக்குப் போகும் வழியில் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவிட்சுக்குள் போகாது. ஈரக் கையோடு விளக்கைத் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

நேயர்களே, ஒரு பெட்டிக் கீரையால் குடும்பச் செலவு முழுவதும் குறைந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு பெட்டிகளை இரண்டு வார இடைவெளியில் நட்டால், மாதத்தில் சில நாள் நம் கையால் வளர்த்த, மருந்தடிக்காத கீரை சட்டிக்கு வரும். லயத்துப் பாத்தியில் பெரியவர்கள் செய்ததைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். தலைமுறையாக லட்சக்கணக்கான மரங்களுக்கு உரம் போட்ட கைகளுக்கு ஒரு கீரைச் செடியின் பசியை அறிவது கடினமாகாது.

கடைக்குப் போய் இன்னொரு புட்டி உரம் வாங்கும் எண்ணம் வந்தால், முதலில் பெட்டியை ஜன்னல் பக்கம் ஓர் அடி நகர்த்தி ஐந்து நாள் பாருங்கள். உரம் பிறகு.